பைல் எக்ஸ்புளோரர் அடிக்கடி ஸ்ரக் ஆகினால்: போமற் அடிப்பதா, எஸ்எஸ்டி போடுவதா, வேறு வழி இருக்கிறதா?

விண்டோஸில் போல்டர்களைத் திறந்து காட்டுகிற நிரல்தான் பைல் எக்ஸ்புளோரர். போல்டரைத் திறந்தால் முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து பாதியில் நின்றுவிடுகிறது. வலது கிளிக் செய்தால் வட்டம் சுற்றுகிறது. பொறுமையிழந்து இன்னொரு கிளிக் செய்ததும் ஜன்னல் வெளிறி "நொட் ரெஸ்பொண்டிங்" என்கிறது. யாழ்ப்பாணத்தில் இதற்கு வழக்கமாகக் கிடைக்கிற முதல் யோசனை "போமற் அடிச்சு விடுங்கோ" என்பதுதான், அதாவது டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. சில வேளைகளில் அது சரியான வழி. பல வேளைகளில் தேவைக்கு மிஞ்சிய வேலை. ஹார்ட் டிஸ்க் சாகப்போகிற நிலையில் இருந்தால், உங்கள் படங்களையும் கணக்குகளையும் இழக்கவைக்கிற வழியும் அதுவே.

வேறு தெரிவுகளும் உண்டு. செலவில்லாமல் சில அமைப்புகளைத் திருத்தலாம். வேறு நிரல்கள் எக்ஸ்புளோரருக்குள் சேர்த்துவிட்ட துணைநிரல்களை, அதாவது வெளி நீட்சிகளை நிறுத்தலாம். எக்ஸ்புளோரரை விட்டு வேறு பைல் மனேஜரைப் பாவிக்கலாம். இருக்கிற விண்டோஸின் மேலேயே மீண்டும் விண்டோஸை நிறுவலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி போடலாம். விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸுக்கும் போகலாம். இவற்றில் எது உங்களுக்குரியது என்பது ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது: எக்ஸ்புளோரர் யாருடைய பதிலுக்காகக் காத்து நிற்கிறது?

எக்ஸ்புளோரர் தனியே பெரிய வேலை எதையும் செய்வதில்லை. டிஸ்க்கிடம் பட்டியல் கேட்கும், நெற்வேர்க்கில் உள்ள மற்றக் கணினியிடம் கேட்கும், வீடியோவின் சிறுபடத்தை, வீடியோவை விரித்துக் காட்டுகிற கோடெக்கிடம் கேட்கும், வலது கிளிக் மெனுவுக்காக வின்றார், அன்ரிவைரஸ், கிராபிக்ஸ் ட்ரைவர் என்று பலரிடமும் கேட்கும். அவர்களில் ஒருவர் பதில் சொல்லாவிட்டால் எக்ஸ்புளோரர் அப்படியே நிற்கும். டெஸ்க்டொப்பும் டாஸ்க்பாரும் இதே நிரலின் பகுதிகள் என்பதால் சேர்ந்து அவையும் நிற்கும். பதில் சொல்லாதவரைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்

எந்தத் தெரிவுக்குப் போவதற்கு முன்னும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா வழிகளும் டிஸ்க் நலமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கின்றன.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். "பெர்போமன்ஸ்" பக்கத்தில் டிஸ்க்கைத் தெரிவுசெய்யுங்கள். அங்கேயே அது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்றும் எழுதியிருக்கும். இப்போது ஸ்ரக் ஆகிற போல்டரைத் திறந்துகொண்டே இரண்டு எண்களைக் கவனியுங்கள்: "அக்டிவ் டைம்" எனும் விழுக்காடு, "அவரேஜ் ரெஸ்பொன்ஸ் டைம்" எனும் மில்லிசெக்கன். அக்டிவ் டைம் 100ஐத் தொட்டு, ஆனால் வாசிப்பு வேகம் செக்கனுக்கு 1 எம்பிகூட இல்லாமல், ரெஸ்பொன்ஸ் டைம் ஆயிரக்கணக்கில் ஏறினால் டிஸ்க் ஏதோவோர் இடத்தை வாசிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். நலமான ஹார்ட் டிஸ்க் சாதாரண வேலையில் பத்து இருபது மில்லிசெக்கனில் பதில் சொல்லும். பாரம் கூடும்போது நூறைத் தாண்டலாம். ஆயிரங்களில் நிற்பது சாதாரணமல்ல.

அடுத்து கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். அது காட்டும் "குட்" அல்லது "கோஷன்" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், கீழே பட்டியலில் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது ஏற்கனவே மாற்றீடு செய்யப்பட்ட பழுதான செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதப்படுகிற சிறு துண்டுகள்). சி5 என்பது வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது மீட்க முடியாதவை. சி7 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு பிழைத்துப்போன தடவைகள். எண்கள் பதினாறடிமானத்தில் இருந்தால் குழம்பும். "பங்ஷன்" மெனுவில் "அட்வான்ஸ்ட் பீச்சர்", அதற்குள் "றோ வலியூஸ்" என்பதைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சி5 பூச்சியமாக இல்லாவிட்டால் எக்ஸ்புளோரர் ஸ்ரக் ஆவதற்கு வேறு காரணம் தேடவேண்டிய அவசியம் குறைவு. சி7 மட்டும் ஏறிக்கொண்டிருந்து மற்றவை பூச்சியமாக இருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, அதைப் போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிள்தான் பிழை. டெஸ்க்டொப்பில் அந்தக் கேபிளைக் கழற்றி வேறொன்றைப் போட்டு, போர்டில் வேறு போர்ட்டிலும் குத்திப் பார்க்கலாம். மிகக் குறைந்த செலவில் முடிகிற திருத்தம் இது. சி7இன் எண் திரும்பக் குறையாது. கேபிள் மாற்றிய பின் மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

நிகழ்வுப் பதிவும் பேசும். "இவென்ட் வியூவர்" திறந்து "விண்டோஸ் லொக்ஸ்", "சிஸ்டம்" என்று போய் சிவப்பு, மஞ்சள் வரிகளைப் பாருங்கள். "டிஸ்க்" என்ற மூலத்தில் 7 என்ற எண் பழுதான இடத்தையும், 153 என்பது வாசிப்பை மீண்டும் முயன்றதையும் சொல்கின்றன. 129 என்பது பதில் வராததால் டிஸ்க் இணைப்பை மீட்டமைத்தது. "என்டிஎப்எஸ்" மூலத்தில் 55 வந்தால் பைல் கட்டமைப்பு சிதைந்திருக்கிறது. மின்சாரம் திடீரென்று போய்வந்த கணினிகளில் இதை எதிர்பார்க்கலாம். "அப்ளிகேஷன்" பதிவில் 1002 என்ற எண்ணோடு எக்ஸ்புளோரர் பெயர் மட்டும் இருந்து, சிஸ்டம் பதிவு சுத்தமாக இருந்தால் டிஸ்க்கை விட்டு சொப்ட்வெயார் பக்கம் திரும்பலாம்.

டிஸ்க் பிழை என்றால், கை வைக்கும் ஒழுங்கு

இங்கேதான் பலர் தரவை இழக்கிறார்கள். டிஸ்க் பழுது என்று தெரிந்ததும் முழுப் பரப்பையும் சோதிக்கிற "செக் டிஸ்க்" கட்டளையை ஓட்டுவது, அதன்மேல் விண்டோஸை மீண்டும் நிறுவுவது, டிபிராக் செய்வது (சிதறிய பைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) எல்லாம் சாகிற டிஸ்க்கை மேலும் பல மணிநேரம் உழைக்கவைக்கின்றன. தரவை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. திருத்தம் அதற்குப் பிறகு.

எடுக்கும்போது எக்ஸ்புளோரரால் இழுத்துப் போடாதீர்கள். ஒரு பைல் வாசிக்கப்படாவிட்டால் முழுப் பிரதியும் அங்கேயே நிற்கும். டெராகொப்பி போன்ற நிரல் பழுதான பைலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய், கடைசியில் எவை தவறின என்று பட்டியல் தரும். விண்டோஸுடன் வருகிற ரோபோகொப்பியும் நல்லது. ஆனால் அதன் இயல்பான அமைப்பில் ஒரு பைல் தவறினால் 30 செக்கன் இடைவெளி விட்டு 10 லட்சம் தடவை மீண்டும் முயலும். மீள்முயற்சி, காத்திருப்பு இரண்டையும் 1 ஆகக் குறித்த பிறகே ஓட்டுங்கள். முக்கியமானதை முதலில் எடுங்கள்: உறவினர் அனுப்பிய படங்கள், காணி உறுதிகளின் ஸ்கான் பிரதிகள், பிள்ளையின் செயற்றிட்டம், கடைக் கணக்கு. இறக்கிய படங்களும் நிறுவற் கோப்புகளும் கடைசியில் வரட்டும்.

டிஸ்க் விண்டோஸில் திறக்கவே மறுத்தால் லினக்ஸ் பென் ட்ரைவ் ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்கி டிடிரெஸ்கியூ என்ற நிரலால் முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்குப் பிரதி எடுக்கலாம். அது நலமான பகுதிகளை முதலில் வாசித்துவிட்டு, சிக்கலானவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை வாசித்தது என்பதை ஒரு கோப்பில் குறித்து வைப்பதால் இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க் "டிக், டிக்" என்று ஒலி எழுப்பினால் அதுவும் வேண்டாம். உடனே நிறுத்தி, தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பது நல்லது.

டிஸ்க் நலம், ஆனாலும் நிற்கிறது: எப்போது நிற்கிறது என்று பாருங்கள்

எக்ஸ்புளோரரைத் திறந்த உடனேயே நின்றால் சந்தேகம் முகப்புப் பக்கத்தின் மேல். விண்டோஸ் 11 அதை "ஹோம்" என்கிறது, 10 அதை "குவிக் அக்சஸ்" என்கிறது. அண்மையில் திறந்த பைல்களின் பட்டியல் அங்கே வரும். அந்தப் பைல்களில் ஒன்று கழற்றிவிட்ட பென் ட்ரைவிலோ, நிறுத்தி வைத்த இன்னொரு கணினியிலோ இருந்தால் எக்ஸ்புளோரர் அதைத் தேடிக்கொண்டிருக்கும். போல்டர் "ஒப்ஷன்ஸ்" திறந்து, திறக்கும் இடத்தை "திஸ் பிசி" என்று மாற்றி, கீழே "பிரைவசி" பகுதியில் உள்ள தெரிவுக்குறிகளை எடுத்துவிட்டு "கிளியர்" அழுத்துங்கள். இரண்டு நிமிட வேலை.

"திஸ் பிசி" திறக்கும்போது நின்றால் நெற்வேர்க் ட்ரைவ். சிறிய அலுவலகங்களிலும் போட்டோகொப்பி, ரைப்பிங் செய்கிற கொம்யூனிகேஷன்களிலும் ஒரு கணினியின் போல்டரை மற்றவற்றில் "இசட்" ட்ரைவாக வைத்திருப்பார்கள். அந்தக் கணினி போடப்படாத காலைகளில் மற்ற எல்லாம் இறுகும். அந்த ட்ரைவை வலது கிளிக் செய்து துண்டியுங்கள். தேவைப்படும்போது மீண்டும் இணைக்கும்போது "சைன் இன் செய்யும்போது மறுபடி இணை" என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். குவிக் அக்சஸில் குத்தி வைத்த நெற்வேர்க் போல்டரும் இதே தொல்லையைத் தரும், அதையும் அகற்றுங்கள். வாடிக்கையாளரின் பென் ட்ரைவையும் எஸ்டி கார்டையும் குத்திய பிறகு மட்டும் நின்றால், குறை அந்தச் சாமானிலோ மலிவான யூஎஸ்பி ஹப்பிலோ. கழற்றியதும் உயிர் வந்தால் கணினியைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரேயொரு போல்டரில் மட்டும் நின்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாதியில் இறக்கி நின்ற வீடியோ ஒன்று போதும். அதன் நீளத்தையும் சிறுபடத்தையும் எடுக்கப் போன நிரல் திரும்பி வராது. போல்டரின் "ப்ரொப்பர்ட்டீஸ்", "கஸ்டமைஸ்" பக்கத்தில் "ஜெனரல் ஐட்டம்ஸ்" என்று தெரிவுசெய்து, உட்போல்டர்களுக்கும் பொருந்தும் என்ற குறியையும் இடுங்கள். "வியூ" பக்கத்தில் "எப்போதும் ஐகன், சிறுபடம் வேண்டாம்" என்ற முதல் வரியைக் குறித்துச் சோதிக்கலாம். அதோடு உறைதல் இல்லாமல் போனால் காரணம் உறுதி. பிறகு "டிஸ்க் கிளீனப்" மூலம் பழைய சிறுபடச் சேமிப்பை அழித்துவிட்டு, அந்தப் பைலை மட்டும் வேறிடம் மாற்றிக்கொண்டு சிறுபடங்களைத் திரும்பப் போடலாம். ஆல்ட் விசையோடு "பி" அழுத்தினால் முன்னோட்டப் பலகம் மூடும். பிடிஎப்களில் நிற்கிற கணினிகளுக்கு அது போதுமானதாக இருக்கலாம்.

ஸ்டூடியோக்காரருக்கு ஒரு சொல். நல்லூர்த் திருவிழாவும் கல்யாண மாதங்களும் வந்தால் ஒரே போல்டரில் றோ படங்கள் (கமரா சுருக்காமல் சேமிக்கிற பெரிய கோப்புகள்) ஆயிரக்கணக்கில் குவியும். ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் போல்டரை முதன்முறை திறக்கும்போது ஒவ்வொரு பைலுக்குள்ளும் போய்ச் சிறுபடம் எடுக்க வேண்டும். இதில் பழுது ஒன்றும் இல்லை, பாரம்தான். நிகழ்வுக்கு ஒரு போல்டர், அதற்குள் ஐந்நூறு படத்துக்கு ஒரு போல்டர் என்று பிரித்தால் வித்தியாசம் தெரியும். படத் தெரிவுக்கு எக்ஸ்புளோரரைப் பாவிக்காமல் அதற்கென்ற நிரலைப் பாவிப்பது இன்னும் நல்லது.

மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவ் போல்டரில் நின்றால் இன்ரநெற் வேகத்தோடு தொடர்பு உண்டு. மேகத்தில் மட்டும் இருக்கிற பைல்களுக்கு நீல மேகக் குறி இருக்கும். டொங்கிள் சிக்னல் குறைவான இடங்களில் அவற்றைத் தொட்டாலே காத்திருக்க வேண்டும். டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ் இரண்டும் உங்களுக்குத் தெரியாமலே ஒன்ட்ரைவுக்குள் போயிருக்கக்கூடும், அதையும் பாருங்கள். தேவையான போல்டரை "எப்போதும் இந்தக் கணினியில் வை" என்று குறித்தால் தீரும்.

இந்தத் திருத்தங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு மாலைப்பொழுது போதும். பணம் இல்லை, தரவுக்கு ஆபத்தும் இல்லை. நெடுந்தீவில் இருப்பவர் குறிகட்டுவான் படகேறி நகருக்கு வருவதற்கு முன் இவ்வளவையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

வலது கிளிக்கில் நின்றால்: வெளி நீட்சிகள்

வேகமான எஸ்எஸ்டி உள்ள புதிய லப்டொப்பிலும் வருகிற சிக்கல் இது. நிறுவுகிற ஒவ்வொரு நிரலும் வலது கிளிக் மெனுவில் ஒரு வரி சேர்க்கிறது. அந்த வரிக்குப் பின்னால் உள்ள நீட்சி எக்ஸ்புளோரருக்குள்ளேயே ஓடுவதால், அது விழுந்தால் எக்ஸ்புளோரரும் விழும்.

நேர்சொப்ட் தருகிற ஷெல்எக்ஸ்வியூ இதற்கு ஏற்ற இலவசக் கருவி. 64 பிற் விண்டோஸுக்கு 64 பிற் பதிப்பையே எடுங்கள், மற்றது பாதியைக் காட்டாது. "ஒப்ஷன்ஸ்" மெனுவில் மைக்ரோசொப்ட் நீட்சிகளை மறைத்துவிட்டால் வெளியாருடையவை மட்டும் மிஞ்சும். எல்லாவற்றையும் தெரிவுசெய்து எப்7 அழுத்தி நிறுத்துங்கள். எக்ஸ்புளோரரை மீளத் தொடங்குங்கள். வலது கிளிக் உடனே வந்தால் குற்றவாளி அந்தப் பட்டியலில் இருக்கிறது. இனி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்காமல் பாதியை எப்8 மூலம் போட்டுப் பாருங்கள், பிறகு அதில் பாதி. முப்பது நீட்சி இருந்தாலும் ஐந்து சுற்றில் ஆளைப் பிடித்துவிடலாம். கண்டுபிடித்தபின் அந்த நிரலைப் புதுப்பிப்பதா, நீக்குவதா, அதன் நீட்சியை மட்டும் நிறுத்தி வைப்பதா என்பது உங்கள் தேவை. பழைய கோடெக் பொதிகளையும் இரண்டாவது அன்ரிவைரஸையும் யோசிக்காமல் நீக்கலாம். விண்டோஸுடன் வருகிற அன்ரிவைரஸான டிபெண்டர் இருக்க இன்னொன்று தேவைப்படுவோர் குறைவு.

விண்டோஸ் 11இல் சிறிய மெனு விரைவாக வந்து "ஷோ மோர் ஒப்ஷன்ஸ்" அழுத்தும்போது மட்டும் நின்றால், பழைய வகை நீட்சி ஒன்று காரணம் என்று நேரே சொல்லிவிடலாம். பழைய மெனு திறக்கும்போதுதான் அவை ஏற்றப்படுகின்றன.

இந்த வழி போமற்றைவிட மேலானது, ஏனென்றால் காரணத்தைத் தொடுகிறது. போமற் அடித்து அதே நிரல்களை அதே பென் ட்ரைவிலிருந்து திரும்ப நிறுவினால் அதே நீட்சியும் திரும்ப வரும்.

வேறு பைல் மனேஜர்

டபிள் கொமாண்டர் இலவசம், திறந்த மூலம். டோட்டல் கொமாண்டர் 1993 முதல் இருப்பது, பணம் கட்டி வாங்குவது. இரண்டிலும் திரை இரண்டு பக்கமாகப் பிரியும். ஒரு பக்கத்திலிருந்து மற்றதற்கு எப்5 அழுத்திப் பிரதி எடுக்கலாம். நாள் முழுக்கப் பைல் நகர்த்துகிறவர்களுக்கு உறைதல் இல்லாவிட்டாலும் நான் இதைச் சொல்வேன்.

ஆனால் உறைதலுக்கு மருந்தாக எண்ணி இதற்குப் போவது அரைத் தீர்வு. டிஸ்க் பழுதென்றால் எந்த மனேஜரும் நிற்கும். வலது கிளிக் நீட்சி பழுதென்றால் இவையும் விண்டோஸின் அதே மெனுவையே கேட்பதால் அங்கேயும் நிற்கும். வேர்டில் "சேவ் அஸ்" அழுத்தினால் வருகிற ஜன்னல் எக்ஸ்புளோரரின் உறுப்புத்தான், அதையும் மாற்ற முடியாது. சிறுபடம், முகப்புப் பட்டியல் ஆகிய இரண்டு காரணங்களுக்கு மட்டும் இது நன்றாக உதவும். எக்ஸ்புளோரரையே பாவிக்க வேண்டுமென்றால் போல்டர் ஒப்ஷன்ஸின் "வியூ" பக்கத்தில் "போல்டர் ஜன்னல்களைத் தனி ப்ரொசஸில் திற" என்ற வரியைக் குறியுங்கள். போல்டர் நின்றாலும் டாஸ்க்பார் பெரும்பாலும் தப்பும்.

மேலேயே நிறுவுவதா, துடைத்து நிறுவுவதா

சிஸ்டம் பைல்கள் சிதைந்தால் மட்டுமே இதற்கு இடம். முதலில் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ரொம்ப்ட் திறந்து டிஸ்ம் கருவியின் "றிஸ்டோர் ஹெல்த்", அதன் பிறகு "எஸ்எப்சி ஸ்கேன் நௌ" இரண்டையும் இந்த ஒழுங்கிலேயே ஓட்டுங்கள். முதலாவது நல்ல பிரதிகளை இன்ரநெற்றிலிருந்து எடுக்கும், இரண்டாவது அவற்றைக்கொண்டு பழுதை மாற்றும்.

அதிலும் தீராவிட்டால் மேலேயே நிறுவுவது துடைத்து நிறுவுவதைவிடப் பல மடங்கு நல்லது. விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் "ரெகவரி" பக்கத்திலேயே விண்டோஸ் அப்டேட் மூலம் மீண்டும் நிறுவும் பொத்தான் உண்டு. பைல், நிரல், அமைப்பு எல்லாம் தங்கும். இல்லாவிட்டால் விண்டோஸ் நிறுவல் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி இரட்டைக் கிளிக் செய்து உள்ளே உள்ள "செட்டப்" ஓட்டலாம். அது 5 ஜிபிக்கு மேல் வரும், ஆகவே இரவு டேட்டா உள்ள பொதிக்காரர் இரவில் இறக்கட்டும். ஒரு நுணுக்கம்: கணினியில் இருப்பது அமெரிக்க ஆங்கிலமா, சர்வதேச ஆங்கிலமா என்று பார்த்து அதே மொழி ஐஎஸ்ஓவை எடுக்க வேண்டும். மாறினால் "பைல்களையும் நிரல்களையும் வைத்திரு" என்ற தெரிவு கிடைக்காது.

துடைத்து நிறுவினால் எல்லா நிரலும் போகும். இங்கே குறிப்பாக மறக்கப்படுவது எழுத்துருக்கள். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் ரைப் செய்த பத்து வருட விண்ணப்பங்களும் அழைப்பிதழ்களும் வினாத்தாள்களும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கடைக்குக் கொடுக்கும் முன் விண்டோஸ் போல்டருக்குள் உள்ள "பொன்ட்ஸ்" போல்டரைப் பிரதி எடுங்கள். தமிழ் விசைப்பலகை நிரல், பிரிண்டர் ட்ரைவர், கணக்கு நிரலின் உரிம எண், அவுட்லுக் கோப்பு, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் என்று இவையும் பட்டியலில் இருக்கட்டும். பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போடப்பட்ட லப்டொப் என்றால் மைக்ரோசொப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க மீட்புத் திறவுகோலை ஒரு தாளில் எழுதிய பிறகே யாரிடமும் கொடுங்கள்.

எஸ்எஸ்டி

டாஸ்க் மனேஜர் உங்கள் விண்டோஸ் ட்ரைவை ஹார்ட் டிஸ்க் என்று காட்டினால், அதன் நலம் எப்படியிருந்தாலும் என் தெரிவு இதுதான். லப்டொப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன். தேவையான இடம் தலைக்குக் கீழ் வர சராசரியாக அதில் பாதி, அதோடு தலை நகர்கிற நேரமும் சேரும். செக்கனுக்கு நூறு சிதறிய வாசிப்புக்கூட எட்டாது. விண்டோஸ் 10, 11 இரண்டும் பின்னணியில் அப்டேட், தேடல் அட்டவணை, டிபெண்டர் என்று இடைவிடாமல் சிதறிச் சிதறி வாசிப்பவை. எக்ஸ்புளோரர் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. சாட்டா எஸ்எஸ்டி செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் இப்படி வாசிக்கும்.

ஓடுகிற நிரல்களைத் தாங்குகிற நினைவகமான றாமையும் பாருங்கள். 4 ஜிபி மட்டும் இருந்து "மெமரி" 90 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் மீதி டிஸ்க்குக்குக் கொட்டப்படும். 8 ஜிபியாக்குவது எஸ்எஸ்டியோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. ஒன்றுக்கு மட்டும் பணம் இருந்தால் எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள்.

வாங்கும்போது பொருத்தம் முக்கியம். பழைய லப்டொப்பில் இருப்பது 2.5 அங்குல சாட்டா. 7 மில்லிமீற்றர் தடிப்பு எஸ்எஸ்டி எல்லாவற்றிலும் போகும், 9.5 மில்லிமீற்றர் இடமிருந்தால் ஒரு சட்டம் வைத்து இறுக்க வேண்டும். அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 துளை இருந்தால் அது சாட்டா வகையா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்று மொடல் எண்ணைக்கொண்டு உறுதிசெய்யுங்கள். உருவம் ஒன்றாக இருந்தாலும் ஒன்று மற்றதில் வேலை செய்யாமல் போகலாம். 256 ஜிபி விண்டோஸுக்கும் அலுவலக வேலைக்கும் போதும், ஆனால் நிரம்பவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கட்டும், நிரம்பிய மலிவு எஸ்எஸ்டியும் எழுதும்போது தடங்கும். பெயர் தெரியாத, நம்பமுடியாத மலிவில் வருகிற 1 டிபி சாமானில் அவ்வளவு இடம் உண்மையில் இருக்கிறதா என்று எச்2டெஸ்ட்டபிள்யூ நிரலால் முழுவதும் எழுதி வாசித்துப் பார்த்த பிறகே நம்புங்கள். உத்தரவாத அட்டையும் பற்றுச்சீட்டும் கையில் வாங்குங்கள்.

பழைய டிஸ்க் நலமென்றால் குளோன் செய்யலாம், அதாவது முழு டிஸ்க்கையும் அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுக்கலாம். சாம்சுங், குரூஷல், கிங்ஸ்டன் போன்றவை தங்கள் எஸ்எஸ்டிக்கென இலவச நிரல் தருகின்றன. 1 டிபியிலிருந்து 256 ஜிபிக்குப் போகும்போது உள்ளே உள்ள தரவு 200 ஜிபிக்குள் இருக்கும்படி முதலில் குறையுங்கள். பழைய டிஸ்க் பழுதென்றால் குளோன் வேண்டாம். சிதைந்த சிஸ்டம் பைலும் சேர்ந்து வரும். எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் நிறுவி, மீட்ட தரவை மட்டும் போடுங்கள். துடைத்து நிறுவுவதற்கு இதுவே பொருத்தமான தருணம்.

குளோனோ நிறுவலோ ஓடும்போது கரண்ட் போகக் கூடாது. லப்டொப்பில் பற்றரி நிறைந்திருக்க வேண்டும். டெஸ்க்டொப்பில் வழமையான 650 விஏ யூபிஎஸ் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும், மணித்தியாலக் குளோனுக்குத் தாங்காது. மின்தடை அறிவித்த நாளையும் ஐப்பசி, கார்த்திகை இடிமழை மாலைகளையும் தவிருங்கள்.

விண்டோஸ் 10 கணினிகளுக்கு இன்னொரு கணக்கு

விண்டோஸ் 10இன் இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்ரெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையும் தேவை. கணினி அதற்குக் கீழே என்றால் எஸ்எஸ்டிக்குச் செலவழிக்கலாமா என்று தயங்க வேண்டாம். எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த கணினிக்குக் கொண்டுபோகலாம். றாம் அப்படியல்ல, பழைய டிடிஆர்3 புதியதில் போகாது.

அந்தக் கணினியில் பிரவுசரும் கடிதமும் படமும்தான் வேலை என்றால் லினக்ஸ் மின்ற் நல்ல தெரிவு. அதன் பைல் மனேஜர் நெமோ, 4 ஜிபி றாமிலும் இலகுவாக ஓடும். நிறுவுமுன் பென் ட்ரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் பிரிண்டர், வைபை, ஸ்கானர் மூன்றும் அதில் வேலை செய்கின்றனவா என்று அப்போதே சோதியுங்கள். பாமினிக் கோப்புகள் லிப்ரே ஒபிஸில் எழுத்துருவைப் போட்டால் திறக்கும், ஆனால் பக்க அமைப்பு நகரக்கூடும். விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு நிரலோ போட்டோஷொப்போ தேவைப்படுகிற கடைக்கு இது பொருந்தாது. அங்கே 8ஆம் தலைமுறைப் பாவித்த லப்டொப் ஒன்றைத் தேடி, வாங்கும் முன் கடையிலேயே கிறிஸ்டல் டிஸ்க் இன்போ ஓட்டிக் காட்டச் சொல்லி, 05, சி5, சி6 மூன்று வரிகளையும் பாருங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க்கில் அந்த மூன்றும் பூச்சியமென்றால் யூஎஸ்பி உறையில் போட்டு இரண்டாவது பிரதிக்கு வைக்கலாம். ஒன்றாவது ஏறியிருந்தால், தரவு முழுதும் வந்துவிட்டதா என்று பைல்களைத் திறந்து பார்க்கும்வரை அழிக்காமல் வைத்திருந்து, பிறகு தட்டுகளில் துளையிட்டு எறியுங்கள்.